எல்லாத்துக்கும் ஒரு ஆப்ஷன் வச்சா சண்டை தீந்துருமா?

கேள்வி, 3 ஜூன் 2025, மாலை 6.20

ஆப்ளிவியன்ங்கிற பழைய வீடியோ கேமோட ரீமாஸ்டர் (புதுசாக்குன பதிப்பு) வந்து ஒண்ணரை மாசம் ஆவுது, அடி இன்னும் ஓயல. ஒருத்தனுக்கு குவெஸ்ட் மார்க்கர் (கேம்ல குடுத்த வேலைக்கு எங்க போவணும்னு காட்டுற அம்பு) வேணும், இன்னொருத்தன் அதப் பாத்தாலே கடுப்பாவுறான். வேற கேம்ல ஒருத்தன் டர்ன் பேஸ்ட் (முறை வச்சு மாறி மாறி அடிக்க சண்டை) கேக்கான், ஒருத்தன் ரியல் டைம்தான் (நிக்காம ஓடுற சண்டை) ஒரிஜினல்னு சாமியாடுகான். செட்டிங்ஸ்ல ஒரு டிக் பாக்ஸ் வச்சு விட்டா வேணும்னவன் போட்டுக்கிடுவான், வேண்டாதவன் எடுத்துருவான். இவ்வளவு லேசான வேலைய ஏன் எந்தக் கம்பெனியும் ஒழுங்கா செய்ய மாட்டேங்கு? சோம்பலா, திமிரா?

3 ஜூன், இரவு 10.50

ரெண்டும் இல்ல மக்கா. டிக் பாக்ஸ் வைக்க அரை நாள் போதும். டிக்க எடுத்ததுக்கு அப்புறம் ஓட வேண்டிய கேமை யாரு எழுதுவா?

மாரோவிண்ட எடுத்துக்கிடுங்க, ஆப்ளிவியனுக்கு முந்தின பாகம், 2002ல வந்தது. அதுல மார்க்கர்ங்கிற சமாச்சாரமே கெடையாது. சேடா நீன்ங்கிற ஊருல எறக்கி விட்டு ஒரு பொதியக் கையில தந்து, பால்மோரா ஊருல கேயஸ் கொசாடிஸ்னு ஒருத்தன் இருக்கான், வீடு தெரியலன்னா சவுத் வால்னு ஒரு சாராயக்கடை இருக்கு அங்க கேளுன்னு அனுப்பிருவான். நாமதான் நடந்து போயி ஒவ்வொருத்தனையா கேக்கணும். அடுத்த வேலை அதுக்கும் மேல. ஆர்க்ன்தாண்ட்னு ஒரு இடிஞ்ச கெடப்பு, ஊருக்கு வெளிய கோட்டைய ஒட்டிப் போயி பாலம் தாண்டி மேல ஏறணும், ஏறிப் பாத்தா கதவு தெறக்காது, பக்கத்துப் பாறையில ஒரு பைப்பு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல ஒரு கைப்பிடி, அதத் திருக்குனாதான் கதவு வழிவிடும். உள்ள போனா தேட வேண்டியது சின்னூண்டு பெட்டி, அதுவும் அலமாரித் தட்டுல தட்டுமுட்டுச் சாமானோட சாமானா கெடக்கும். ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிக்காக அலஞ்சிருக்கேன், சவம் கண்ணு முன்னாலதான் இருந்திருக்கு.

எங்க வீடு தக்கலைக்கு உள்ள, விளைன்னு முடியுற ஊரு (இந்தப் பக்கம் பாதி ஊரு அப்படித்தான் முடியும்). கொரியர் பையன் போன் போட்டு "அண்ணே, லொக்கேஷன் ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல காட்டுது"ம்பான். பின்ன நான் சொல்லுவேன், குருசடி (ரோட்டோரச் சிலுவைக் கோயில்) பாத்தியா, அதுல எறங்கு, சானல் கரையோட வா, ரெண்டாவது முடுக்கு, முத்தத்துல ரப்பர் ஷீட் காயப் போட்டிருப்பாவ, அந்த வீட்டுல என் பேரச் சொல்லிக் கேளு. வந்துருவான். ஏன் வாறான்? அங்க நிஜமாவே ஒரு குருசடி நிக்கி, ஷீட் காயுது, கேட்டா சொல்லுகதுக்கு ஆள் இருக்கு. மாரோவிண்ட் செஞ்சவன் முதல்ல அந்த குருசடியக் கட்டுனான், பின்னதான் வழி சொன்னான்.

ஆப்ளிவியன் 2006. காம்பஸ்ல மார்க்கர் வந்தாச்சு. அத மறைச்சுட்டு வெளையாடிப் பாருங்க. குவெஸ்ட் தாறவன் பெரும்பாலும் "மேப்ல குறிச்சுத் தாறேன்"னு சொல்லி வாய மூடிருவான். எந்தத் திசை, எந்த ஆத்தோரம், ஒண்ணும் கெடையாது. டிக்க எடுத்தா பழைய கேம் வராதுவே, பாதி கேம்தான் வரும்.

3 ஜூன், இரவு 11.35

ஒண்ணு விட்டுப் போச்சு. மாரோவிண்ட்ல பேச்சு பெரும்பாலும் எழுத்துதான், ஆப்ளிவியன்ல அத்தனையும் குரல். ஒருத்தன் நாலு பத்திக்கு வழி சொன்னா அத நாலு பத்திக்கு ரெக்கார்டு பண்ணணும், துட்டு, டிஸ்க்குல எடம், பின்னால அந்தக் குகைய நகத்துனா மறுபடியும் ஆளக் கூப்பிட்டு ரெக்கார்டு. அம்பு ஒண்ணு காட்டி விட்டா செலவு தீந்துச்சு. ரசிகன் முழுக் குரலும் கேட்டான், மாரோவிண்ட் மாதிரி வழி சொல்லவும் கேட்டான். ரெண்டும் ஒரே பர்ஸ்ல இருந்து வரணும்னு அவனுக்கு யாரும் சொல்லல.

5 ஜூன், காலை 8.05

"மாட் (ரசிகர் தானா எழுதி கேம்ல சேக்க மாத்தம்) போட்டா எல்லாம் சரியாவும்"னு ஒருத்தர். அது செட்டிங்ஸ்ல டிக் இல்ல, இன்னொருத்தன் சம்பளம் வாங்காம உக்காந்து செய்யுற வேலை. வழியையெல்லாம் அவன்தான் திரும்ப எழுதணும். நான் சொன்னதும் அதத்தானே.

இன்னொருத்தர் மாரோவிண்ட்ல சில எடத்துல வழியே தப்பா எழுதி இருக்கும்னு சொல்லுகாரு. உண்மை. கெழக்கும்பான், போனா மேற்குல இருக்கும். எங்க ஊருல வழி கேட்டவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

8 ஜூன், மதியம் 3.10

ஞாயித்துக்கிழமை, இடவப்பாதி மழை வெளுத்து வாங்குது, கரண்டு வாறதும் போறதுமா இருக்கு, யுபிஎஸ் கீகீன்னு கத்திட்டு கெடக்கு, கடையும் இல்ல (எனக்கு நாகர்கோவில்ல லேப்டாப் சர்வீஸ், ஐப்பசி இடி சீசன்தான் எனக்குத் தீவாளி). அதனால டர்ன் பேஸ்ட் சண்டைக்கு வாறேன்.

பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டிங்கிற கேம் 2012ல கிக்ஸ்டார்ட்டர்ல (ரசிகர்கிட்ட முன்கூட்டியே துட்டு பிரிக்க சைட்) கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் பிரிச்சு 2015ல வந்தது. பிரிக்கும்போது சொன்னது என்ன? பால்டர்ஸ் கேட் காலத்து கேம், ரியல் டைம், வேணும்போது சண்டைய நிறுத்தி வைக்கலாம். ரெண்டாவது பாகம் டெட்ஃபயர் 2018 மே மாசம், அதே முறை. சரியா விக்கல. 2019 ஜனவரில ஒரு பேட்ச்ல (வித்த பிறகு விடுற திருத்தம்) டர்ன் பேஸ்ட் மோட் குடுத்தாங்க. கேட்டவன் கேட்டத குடுத்தாச்சு, டிக் பாக்ஸேதான், புதுக் கேம் தொடங்கும்போது தேர்ந்தெடுத்துக்கிடலாம்.

நான் ஆசையா தொடங்குனேன். முதல் தீவு நல்லாத்தான் போச்சு. நிதானமா யோசிச்சு மந்திரம் போடலாம், எவன் எங்க நிக்கான்னு தெரியுது, ரியல் டைம்ல நான் கவனிக்காமலே விட்ட பாதி திறமைய அப்பதான் உருப்படியா பயன்படுத்துனேன். அதுக்கப்புறம் குகை. அந்தக் குகையில இருக்க பன்னியும் பூதமும் ரியல் டைம்காரனுக்காக வச்சது. ரியல் டைம்ல அதுக அரை நிமிசத்துல செத்துரும், நாம அடுத்த அறைக்குப் போயிருவோம், வழியில ஒரு சின்ன தடங்கல், அவ்வளவுதான் அதோட வேலை. அதே கூட்டம் முறை வச்சு அடிச்சுக்கிட்டா ஒரு சாயாவ ஆத்திக் குடிச்சு முடிச்சாலும் பாதிதான் ஆயிருக்கும். ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சே ஜெயிக்கக் காத்திருக்கணும்.

இன்னொரு கூத்து டெக்ஸ்டெரிட்டி. ரியல் டைம்ல அது கூடுனா கை வேகம் கூடும், அதே நேரத்துக்குள்ள ரெண்டு அடி கூட விழும், அதுக்காகவே பாயிண்டக் கொட்டி ஆள வளப்போம். டர்ன் பேஸ்ட்ல எல்லாருக்கும் ரவுண்டுக்கு ஒரு அடி. வேகம் இருந்தா முதல்ல அடிக்கலாம், கூட அடிக்க முடியாது. பின்ன எதுக்கு டெக்ஸ்டெரிட்டி? கனத்த கவசமும் பெரிய மெதுவான ஆயுதமும் கொண்டவன் ராஜா ஆயிட்டான். அந்தக் கவசத்துக்கு டிசைனர் வச்ச தண்டனையே மெதுவா போறதுதான், அது ஒரு டிக்குல காத்துல போச்சு. ஒரு சக்கரத்த மாத்துனா வண்டி ஓடும்னு நினைச்சு செஞ்சது, அடியில பத்து பல்சக்கரம் அதுல கோத்து நிக்கி.

8 ஜூன், மாலை 5.40

அங்க ரெண்டு முறையும் நல்லாத்தான ஓடுதுன்னு பத்ஃபைண்டர் கிங்மேக்கர்ங்கிற கேம ஒருத்தர் எடுத்து நீட்டுகாரு. கேக்க வேண்டியதுதான். அதுலயும் 2018ல ரியல் டைமாத்தான் வந்தது, யாரோ ஒரு ரசிகர் மாட் போட்டு டர்ன் பேஸ்ட் ஆக்குனாரு, 2020ல கம்பெனியே அத உள்ள சேத்துட்டான், சண்டைக்கு நடுவுலயே ஒரு பட்டன்ல மாத்திக்கிடலாம். அது ஜோரா வேலை செய்யும். காரணம் எளிசு. அந்த கேமுக்கு அடி பத்ஃபைண்டர்ங்கிற மேசை விளையாட்டோட விதிப்புத்தகம், அது முறை வச்சு ஆடுகதுக்கு எழுதுனது. ரியல் டைம்தான் மேல பூசுன பூச்சு, அதச் சொரண்டுனா அடியில முழு ஆட்டம் இருக்கு. டெட்ஃபயர சொரண்டுனா அடியிலயும் ரியல் டைம்தான்.

கிங்மேக்கர் ஆரம்பத்துல சிலந்திக் கூட்டம் வரும் பாருங்க, கத்தியும் ஏறாது வில்லும் ஏறாது, தீப்பந்தமோ தீக்குப்பியோ வேணும். அத எந்த மோட்ல வெளையாடுனாலும் செத்தீங்க. அதுல ஒரு ஒத்துமை.

11 ஜூன், இரவு 9.15

பகடை, அதாவது அடி விழுமா, பூட்டு தெறக்குமான்னு கேம் உருட்டிப் பாக்கது. இதுல ரசிகன் என்ன கேக்கான், என்ன தாங்குவான்னு நல்லா தெரியும்.

பால்டர்ஸ் கேட் 3ல கார்மிக் டைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. கம்பெனி வச்சு அனுப்பும்போதே டிக் போட்டுத்தான் அனுப்புகான். வரிசையா மோசமா விழுந்தா அத உள்ளேயே தட்டிச் சரி பண்ணும். ஏர்லி ஆக்சஸ் (கேம் முடியுமுன்னே விக்க) நேரத்துல சனம் போட்ட கூப்பாட்டுல வந்தது இது. நிஜப் பகடை வேணும்னு கேட்டதும் அதே சனம்தான். மைனி மகன் காலேஜ் படிக்கான், என் கடையில உக்காந்து வெளையாடுவான், அந்த டிக்க எடுத்து விட்டேன், அவன்கிட்ட சொல்லவும் செஞ்சேன். பூட்டு ஒண்ணத் தெறக்க உருட்டுனா 1 விழுந்துது, மறுபடியும் 1. "மாமா, இது பிராடு, திருப்பிப் போடுங்க"ன்னான். பிராடு இல்லாத பகடை அதுதான்னு சொன்னா ஏறல.

ஜப்பான்காரன் இத ரொம்ப முந்தியே கண்டுக்கிட்டான். ஃபயர் எம்ப்ளம்ங்கிற கேம் வரிசையில 2002ல இருந்து வந்த பாகம் பலதுல ஒரு எண்ணு உருட்ட மாட்டான், ரெண்டு உருட்டி சராசரி எடுப்பான். திரையில அடி விழ 90 சதவீதம்னு காட்டுனா நிஜத்துல 98க்கு மேல. ஏன்னா 90ன்னு காட்டுனத நம்ம மனசு "கண்டிப்பா விழும்"னுதான் வாசிக்கி. அங்க டிக் பாக்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல, கமுக்கமா செஞ்சு வச்சிருக்கான், யாரும் சண்டைக்கும் வரல.

12 ஜூன், காலை 7.50

குதிரைக் கவசத்தப் பத்தி பேசலியான்னு கேட்டவருக்கு: 2006ல ஆப்ளிவியன்ல ரெண்டரை டாலருக்கு குதிரைக்குச் சட்டை வித்தான்னு ஊரே சிரிச்சுது. ரீமாஸ்டர் டீலக்ஸ்லயும் குதிரைக் கவசம் இருக்கு. இந்தத் தடவ சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டோம்.

15 ஜூன், இரவு 10.20

தங்கச்சி இத வாசிச்சுட்டு துபாய்ல இருந்து போன் போட்டா. நர்ஸ். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பால்டர்ஸ் கேட் 3ல எக்ஸ்புளோரர் மோட்ல, அதான் லேசான மோட்ல, கதை பாப்பா. "அந்த ஆப்ஷன் இல்லன்னா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன், நீ ஆப்ஷனே கூடாதுங்கியாக்கும்?"னு ஒரு பிடி பிடிச்சா.

நான் அப்படிச் சொல்லல, ஆனா அவ கேட்டதுல விஷயம் இருக்கு, யோசிச்சுப் பாத்தேன். எதிரி உசிர கொறைக்கது, அடி விழுகத கொறைக்கது எல்லாம் ஓரத்துல நிக்க சமாச்சாரம். சண்டை நடக்க எடம் அதேதான், ஆளு அதேதான், தோத்தா கதை போற போக்கும் அதேதான். 1998ல வந்த முதல் பால்டர்ஸ் கேட்ல, ஃபிரெண்ட்லி ஆர்ம் சத்திரத்துப் படியில டார்னெஷ்னு ஒரு மந்திரவாதி நிப்பான். சிரிச்சுப் பேசிட்டு நாலு உருவமா பிரிவான், நம்ம ஆளுக பயந்து சிதறுவானுக, மேஜிக் மிசைல்னு ஒரு மந்திரம் ரெண்டு விட்டா முதல் லெவல் மந்திரவாதிக்கு உசிரு தாங்காது. சாக வேண்டாம்னு அத லேசாக்குனாலும் "நம்மளக் கொல்லுகதுக்கு ஆள் காத்து நிக்கான், சத்திரமும் பத்திரம் இல்ல"ங்கிற சேதி வந்து சேந்துரும். அது போதும்.

எந்த டிக் கேமோட முதுகெலும்பத் தொடுதோ அதுதான் வில்லங்கம். ராத் ஆஃப் தி ரைச்சஸ்ல (கிங்மேக்கருக்கு அடுத்த பத்ஃபைண்டர் கேம்) படையெடுப்பு பாக்கத் தெரியாதவனுக்கு ஆட்டோ மோட் இருக்கு. போட்டா படை பாட்டுக்கு நடக்கும், ஆனா அதுல தொங்குற சில கதையும் போயிரும், ஒரு முடிவே கெடைக்காது. முந்தியே எச்சரிக்கையும் போட்டிருக்கான், அது மட்டும் நேர்மை. படை நடத்துகது ஓர வேலைன்னா எதுக்கு முடிவ அதுல தொங்க விடணும், முக்கிய வேலைன்னா எதுக்கு ஆட்டோ? ரெண்டு மனசுல செஞ்சிருக்கான்.

தங்கச்சிக்கு சமாதானம் ஆச்சு. ஆனா டிஸ்கோ எலீசியம் வெளையாடுன்னு சொன்னதுக்கு, ஃபேன்ல தொங்குற டையப் பிடிச்சு இழுக்கப் போயி ஹீரோ ஹார்ட் அட்டாக்ல செத்தான்னு அடுத்த நாள் திட்டுனா. தெம்புல ஒரு பாயிண்டுதான் போட்டிருக்கா. அதுல நெஞ்சு பலத்துக்கு எந்த ஸ்லைடரும் இல்ல, இருக்கவும் கூடாது, அந்த ஆளு அந்த நெலமையில இருக்கான்னு சொல்லுகதுதான் கேமே.

19 ஜூன், இரவு 11.00

முடிவுகளப் பத்தி ரெண்டு பேரு இழுத்து விட்டுட்டாங்க.

மாஸ் எஃபெக்ட் 3, 2012 மார்ச். மூணு கேமா நாம எடுத்த முடிவு எல்லாம் சேந்து கடைசில பச்சை, நீலம், செவப்புன்னு மூணு வெளிச்சத்துல வந்து நின்னுது. ரசிகர்க கம்பெனிக்கு ஒரு 400 கப்கேக் அனுப்புனாங்க, மூணு நிறத்துல க்ரீம், தின்னு பாத்தா எல்லாமே ஒரே வனிலா. கோவத்த அதவிட நாகரிகமா காட்ட முடியாது. ஜூன் மாசம் எக்ஸ்டெண்டட் கட்னு இலவசமா குடுத்தான், முடிவு மாறல, விளக்கம் கூடுச்சு.

ஆனா எனக்குப் பெரிய விஷயம் ஃபால்அவுட் 3. கடைசில கதிர்வீச்சு நிறஞ்ச அறைக்குள்ள யாராவது போயி பட்டன அமுக்கணும், போனவன் செத்தான். பக்கத்துல ஃபாக்ஸ்னு ஒரு மியூட்டண்ட் (உடம்பு உருமாறுன ஆளு) நம்ம கூட்டாளி நிக்கான், கதிர்வீச்சு அவன ஒண்ணும் செய்யாது, முந்தி அதே மாதிரி ஒரு எடத்துக்குள்ள போயி நமக்காகப் பொருளும் எடுத்துத் தந்திருக்கான். கேட்டா "இது உன் விதி, நான் குறுக்க வர மாட்டேன்"ம்பான். கேட்டதும் ரத்தம் கொதிச்சுது. 2009ல புரோக்கன் ஸ்டீல்னு டிஎல்சி (தனியா விக்க கூடுதல் பாகம்) வந்து அவன உள்ள அனுப்பவும் விட்டான், முடிஞ்ச பிறகு தொடர்ந்து வெளையாடவும் விட்டான்.

இந்தக் கோவம் நியாயமான கோவம். "எனக்குப் புடிச்ச மாதிரி இல்ல"ங்கிறது இல்ல இது. கேமே ஒரு விதி சொல்லித் தந்துட்டு கடைசில அதே விதிய மறந்துட்டு. ரசிகன் போடுற சத்தத்துல எதக் கேக்கணும், எத விடணும்னு பிரிக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இதுதானாக்கும்.

விடலாம்னதுக்கு ஒரு உதாரணம் பில்லர்ஸ்ல மைட்ங்கிற குணம். வாளுக்கும் மந்திரத்துக்கும் அதே ஒண்ணுதான் பலம். "மந்திரவாதிக்கு எதுக்கு புஜபலம்"னு வருசக்கணக்கா சண்டை. டெட்ஃபயர் பீட்டால (வெளியீட்டுக்கு முந்தின சோதனைப் பதிப்பு) உடல் பலத்துக்கு ஒண்ணு மந்திரத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பாத்தாங்க, அதுக்கும் சண்டை, பழையபடியே ஆக்கிட்டாங்க. அந்த உலகத்துல மைட்னா ஆன்மாவோட வலுன்னு கேமு முதல்லயே சொல்லிருச்சு, நம்மதான் வேற கேமோட விதிப்புத்தகத்த கக்கத்துல வச்சுட்டு வந்தோம்.

21 ஜூன், மதியம் 1.30

"முதல் ஃபால்அவுட்ல இருந்த டைம் லிமிட்ட ரசிகர்க கத்துனதால பேட்ச்ல எடுத்துட்டான்"னு ஒருத்தர் எழுதி இருக்காரு. பாதிதான் சரி. அதுல ரெண்டு கெடு. நம்ம வால்ட்டுக்கு (பூமிக்கு அடியில நம்ம சனம் இருக்க காப்பிடம்) தண்ணிச் சிப்பு, அதாவது தண்ணி சுத்தம் பண்ணுற மெசினோட சில்லு, கண்டுபிடிக்க 150 நாளு, அது அப்படியேதான் இருக்கு. சூப்பர் மியூட்டண்ட்க நம்ம வால்ட்டப் பிடிக்க 500 நாளுன்னு இன்னொண்ணு, அதத்தான் பேட்ச்ல தூர நகத்துனான்.

அந்த 150 நாள்ல எனக்கு ரொம்பப் புடிச்ச டிசைன் ஒண்ணு இருக்கு. ஹப்ங்கிற ஊருல தண்ணி யாவாரிகிட்ட துட்டு குடுத்தா வால்ட்டுக்குத் தண்ணி வண்டி அனுப்புவான், 100 நாளு கூடக் கெடைக்கும். ஆனா வண்டி போற தடத்த வச்சு வால்ட் எங்க இருக்குன்னு வெளியாளுக்குத் தெரிஞ்சுரும், மியூட்டண்ட் கெடு அதுக்குத் தக்கன சுருங்கும். அவசரப்படுகவனுக்கும் நிதானமா சுத்துகவனுக்கும் ஒரே கேம்ல எடம் குடுத்தாச்சு, செட்டிங்ஸ தொடவே இல்ல. ஆப்ஷன் ஊருக்குள்ள ஒரு யாவாரியா நிக்கி, வெல சொல்லுகான், வாங்குனா பின்விளைவு இருக்கு.

மாரோவிண்ட்லயும் இதேதான். நடக்க மனசில்லன்னா சில்ட் ஸ்டிரைடர்னு ஒரு பெரிய பூச்சி முதுகுல காசு குடுத்து ஏறலாம், ஆனா அது நிக்க ஊருக்குத்தான் போவும்.

24 ஜூன், இரவு 10.05

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "சரி அண்ணே, ஆப்ளிவியன் மார்க்கர உங்க கையில தந்தா என்ன செய்வீங்க"ன்னு மடக்குகாரு.

தண்ணி யாவாரி மாதிரி ஒருத்தன வைப்பேன். ஊருக்கு ஒரு வழிகாட்டி, வேட்டைக்காரனோ பிச்சைக்காரனோ, காசு குடுத்தா மேப்ல குறிச்சுத் தருவான், பிச்சைக்காரன் கம்மி காசுல கொஞ்சம் தள்ளிக் குறிப்பான். காசு குடுக்க மனசில்லாதவனுக்கு அதே ஆளு ரெண்டு வரி வழி சொல்லுவான். எல்லா குவெஸ்டுக்கும் வேண்டாம், அது கட்டுப்படியாவாது, தொலைஞ்சு போனாத்தான் ருசின்னு இருக்க குவெஸ்டுக்கு மட்டும். மத்ததுக்கு அம்பு இருந்துட்டுப் போட்டு. கடையில சாமான் விக்க அம்பு பாத்துப் போறதுல எனக்கு ஒரு மானக்கேடும் இல்ல.

ரீமாஸ்டர்ல அவங்க இதத் தொடல. லெவல் ஏறுக முறைய மாத்திட்டாங்க, பழையதுல எந்தத் திறமைய எத்தன தடவ பழகுனோம்னு நோட்டுல கணக்கு எழுதாம ஆள ஒழுங்கா வளக்க முடியாது, இப்ப லெவலுக்கு 12 பாயிண்டு, மூணு குணத்துக்குள்ள பிரிச்சுக்கிடலாம். ஓடவும் விட்டிருக்கான். இது ரெண்டும் சத்தத்துல நல்ல சத்தத்தக் கேட்டு செஞ்சது. பழசுதான் வேணும்னு நோட்டோட நிக்கவனும் இருக்கான், அவனுக்கு 2006 கேம் இன்னும் விலைக்குக் கெடைக்கி.

24 ஜூன், இரவு 10.30

ஒரு சேதி, மேல டெட்ஃபயர் பத்திப் பேசுனவங்களுக்கு. முதல் பில்லர்ஸுக்கும் டர்ன் பேஸ்ட் மோட் வருதுன்னு 2025 மார்ச்ல பத்தாவது வருசத்த ஒட்டி அறிவிச்சாங்க. வந்ததும் நான் போறது கில்டட் வேல்ங்கிற ஊருல எயோத்தாஸ் கோயில் கீழ்த்தளத்துக்குத்தான். அங்க நிழல் பூதம் முன்வரிசையத் தாண்டிப் பின்னால நிக்க மந்திரவாதி மேல வந்து குதிக்கும், அறைக்கு அறை அதே கூட்டம். கூட்டத்தக் கொறைச்சிருக்காங்களா, டெக்ஸ்டெரிட்டிக்கு வேற வேலை குடுத்திருக்காங்களான்னு அந்த ரெண்டு அறையிலயே தெரிஞ்சுரும். அந்தக் கோயில் வாசல்ல சேவ் ஃபைல் யாரு கையிலயாவது இருந்தா அனுப்புங்க, என்னோட பழைய ஹார்ட் டிஸ்க் போன ஐப்பசி இடியில போச்சு.